சுவர் தட்டாத பதிவு

என் கிட்டாரை இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை கேட்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. கந்தப்பளையில் ஹெவி மெட்டல் வாசிக்கிறவனுக்கு அது பேராசை என்று எனக்கே தெரியும். கூட வாசித்த பிரதாப்பும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான்.

பக்கத்து வீட்டுக் காம்பரா செல்லசாமி பெரியப்பாதான் எனக்கு எமன். நான் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பைப் போட்டு இரண்டு நிமிடம் ஆகாது, நடுச்சுவரில் தட்டுவார். அடங்காவிட்டால் குரல் வரும்.

"டேய் திலக்ஷன்! நிப்பாட்டுறியா, வந்து அந்தப் பொட்டிய ஒடைக்கவா?"

ஆம்ப்புக்கு முன்னால் வைத்த மைக் அவரையும் சேர்த்தே பதிந்துகொள்ளும். எத்தனை நல்ல வாசிப்பு அப்படி நாசமாய்ப் போனது!

அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் பிரீஆம்ப் வாங்கினேன். கையகலப் பெட்டி. கிட்டாரை அதில் செருகி, அதிலிருந்து நேரே லேப்டாப்புக்கு. ஆம்ப்பும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். முதல் நாள் டின்னுக்குள் குளவியை அடைத்த மாதிரி இரைந்தது. ஸ்பீக்கரின் கனத்தைக் கொடுக்கும் மென்பொருளைப் போட மறந்திருந்தேன். போட்டதும் ஹெட்போனுக்குள் மலையே அதிர்ந்தது. வெளியே கம்பியின் கீச்சு மட்டும்தான்.

பெட்டி வந்த வாரமே பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். கருமாதி முடியும்வரை லயத்தில் யாரும் ரேடியோகூடப் போடவில்லை. நான் மட்டும் தாராளமாக வாசித்தேன். ஒரு தட்டு இல்லை, ஒரு ஏச்சு இல்லை. சுத்தமாகப் பதிந்து பிரதாப்புக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கேட்டானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த மீனம்மா பெரியம்மா என் வாசலில் நின்றார். செல்லசாமியின் மனைவி.

"என்னா தம்பி, வெறும் கம்பிச் சத்தந்தான் கேக்குது. எங்களுக்காகவா அடக்கி வாசிக்கிற?"

"இல்லங்க பெரியம்மா, சத்தமெல்லாம் இதுக்குள்ள இருக்கு."

ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சுத்தமான பதிவைப் போட்டேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டார்.

"இதுல அவரு ஏசுறது எங்க வருது?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாசமாய்ப் போன பழைய பதிவைத் தேடிப் போட்டேன். இரண்டு நிமிடம் தாண்டியதும் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பாவம், இந்த இரைச்சலை எதற்காகச் சகிக்கவேண்டும் என்று, "நேரா அந்த எடத்துலயே போடவாங்க?" என்றேன்.

"வேணாம், மொதல்லருந்து முழுசாப் போடு. அவருக்குக் கோவம் ஏற அம்புட்டு நேரம் ஆவும்ல?"

முதலிலிருந்து போட்டேன். பெரியம்மா கண்ணை மூடி, நான் வாசித்ததை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு, அவருக்காகக் காத்திருந்தார். எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். ஹெட்போன் ஒன்றுதான். எனக்கு எதுவும் கேட்கவில்லை.