மூன்றாம் பக்கத்து அழுகை

செவ்வாய்க்கிழமை காலை நாளிதழின் மூன்றாம் பக்கத்தைத் திறந்த வீடுகளிலெல்லாம் ஒரு பெண் அழுதாள். பக்கத்தை மூடினால் நின்றது. பள்ளிக்கூடத்தின் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிக்கு மகளைப் பறிகொடுத்தவளின் படம் அதில் நான்கு பத்தி அகலத்துக்கு வந்திருந்தது. முந்தின நாள் பிணவறை வாசலில் நிருபர் அவள் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டி, “இப்ப உங்க மனசு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டபோது எடுத்தது. படம் எடுக்கலாமா என்று மட்டும் அவர் கேட்டிருக்கவில்லை.

அச்சகத்தில் மையை மாற்றிப் பார்த்தார்கள். அழுகை குறையவில்லை, விற்பனை கூடியது. தினமும் அதே படத்தைப் போடச் சொல்லிவிட்டார் பத்திரிகை ஆசிரியர். தொட்டிக்கு மூடி போடாத ஒப்பந்தக்காரரின் பெயர் ஏழாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே வந்தது. அங்கிருந்து சத்தம் எதுவும் வராததால் யாரும் படிக்கவில்லை.

வாரக் கடைசியில் அவள் அலுவலகத்துக்கு வந்தாள்.

“படம் வந்த அன்னியிலேர்ந்து எனக்கு அழுகையே வரலைங்க. புள்ள செருப்பப் பாத்தாக்கூட வரல. சொந்தக்காரங்க கல்நெஞ்சக்காரின்றாங்க. அது உங்ககிட்டதான் இருக்கு, குடுத்துடுங்க.”

ஆசிரியர் நாற்காலி போடச் சொன்னார். “அச்சுல ஏறிட்டா அது ஊருக்குச் சொந்தம்மா. ஜனங்களுக்குத் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்கில்ல?”

“என்ன தெரிஞ்சுக்கிட்டாங்க?”

கோபமாக அல்ல, பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். ஆசிரியர் நிருபரைப் பார்த்தார்.

அன்று நிருபர் ஆசிரியரிடம் மன்றாடி, கேட்காமல் படம் எடுத்ததற்கு இரண்டு வரி வருத்தக் குறிப்பு போட அனுமதி வாங்கினார். அது வெளியான காலையில் அவளுடைய வலக் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இடக் கண்ணுக்காக அவள் சாயங்காலம் வரை காத்திருந்தாள்.

அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. ஒப்பந்தக்காரருக்கு இன்னொரு பள்ளிக்கூடம் கிடைத்தது. போட்டிப் பத்திரிகைகளும் ஆளுக்கொரு அழுகையைப் பிடித்துவந்தன. பிள்ளைகள் அந்தச் சத்தத்திலேயே வீட்டுப்பாடம் எழுதப் பழகினார்கள். பெரியவர்கள் காது கொடுக்காமல் டீ குடித்தார்கள். அவளும் சந்தா கட்டினாள். புருஷன் வேலைக்குப் போனதும் மூன்றாம் பக்கத்தை விரித்து, மகளுக்காகக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மடித்துவைப்பாள்.

ஒருநாள் பேப்பர் வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது நிருபர். தானே ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாசலிலேயே விரித்தாள். படம் அழுவதை இருவரும் நின்று கேட்டார்கள்.

“நாளைக்காவது நேரத்துக்கு அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.