அப்பாவை ஒப்படைத்த பகல்

அப்பாவின் கால் நகங்களை அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது.

"வந்துட்டாங்கடி," என்றாள் அம்மா.

"சுண்டுவிரல் பாக்கிம்மா. இரு."

காலையில் அவர் மூச்சு நின்றதிலிருந்து அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுக்களைக்கும் கூடத்துக்குமாக அலைந்துகொண்டே இருந்தாள். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர், தன் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். சடங்கு சம்பிரதாயம் பார்க்கிற சித்தப்பாவே சரி என்றுவிட்டார். முரண்டு பிடித்தது அவள் ஒருத்திதான், டாக்டருக்குப் படிக்கிற மகள்.

"யார் வேணா வேணாம்னு சொல்லலாம். நீ சொல்லலாமா?" என்றாள் அம்மா. "நீயும் இப்படி ஒருத்தரை வெச்சுத்தானே படிச்ச?"

"அதனாலதாம்மா சொல்றேன்."

போன வருஷம் உடற்கூறியல் வகுப்பில் அவர்கள் மேசையில் கிடந்தவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாள் வாந்தி எடுத்தவர்களே மாதம் திரும்புவதற்குள் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி குட்மார்னிங் சொன்னார்கள். அவள் அதை வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அப்பாவும் சிரித்தார்.

"அட, கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை யாரும் மாப்பிள்ளைன்னு மதிக்கலையே!"

அம்மா முறைத்தாள். மறுவாரமே அவர் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மகள் படிக்கிற கல்லூரியில் அல்ல. ஊரின் மறுகோடியில் இருந்த வேறொன்றில்.

வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் தோளை அணைத்துப் பிடித்தாள்.

"அப்பா என்ன வேலைம்மா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"பஸ் டிரைவர்."

"அப்போ பார்த்துத்தான் ஓட்டணும். எழுந்து திட்டிடப் போறாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

உடற்கூறியல் துறையின் படிகளில் முதலாண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டில் கடைக்காரர் மடித்த மடிப்புகூட இன்னும் கலையவில்லை. எதற்கோ வெடித்துச் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி நின்றதும் குதித்து இறங்கி நேரே அவர்கள் முன்னால் போய் நின்றாள். கேட்க நினைத்தது எவ்வளவோ.

"எங்க அப்பா," என்றாள்.

சிரிப்பு அறுந்தது. ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துகொண்டார்கள். ஒரு பெண் மட்டும், கையிலிருந்த டீயை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, தரையிலேயே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஸ்ட்ரெச்சர் அவளைக் கடந்து உள்ளே போயிற்று.

"அக்கா, நீங்களும் உள்ள வரீங்களா?"

மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். கதவு தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. அந்தப் பெண் முதுகை முட்டுக்கொடுத்து, அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தாள்.