அனௌன்ஸ்மென்ட் வண்டியில் ஒரு டக் டக்

சட்டியில் கருகிக்கொண்டிருந்த வாழையிலைப் பொதியைக் குரியாச்சன் வெறுங்கையால் அள்ளினான். சுட்டது. விடவில்லை. அடுக்களையைத் தாண்டி, பின்வாசலைத் தாண்டி, கிணற்றடி வாளிக்குள் பொதியோடு கையையும் முக்கினான். ஸ்ஸ்ஸ் என்றது. பொதியா, கையா, தெரியவில்லை.

மனைவி சோசம்மா கரண்டியும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இச்சாயனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அது அச்சனுக்குப் பொரிக்கிற கரிமீன்."

"கரிமீனுக்கு இந்த வாசனை வருமாடீ?"

வராது. எரியும் ரப்பரின் வாசனை, ரப்பர் விளையும் பாலாப் பக்கம் பிறந்த எவருக்கும் தாய்ப்பால் வாசனைக்கு அடுத்தபடி தெரியும். குரியாச்சன் இலையைப் பிரித்தான். உள்ளே ஓர் இரும்பு வளையம். வளையத்துக்குள் கறுப்பு ரப்பர். காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் போட வேண்டிய புது புஷ்.

"ஃப்ரீசர்ல கறுப்பா ஏதாவது வச்சா அது மாட்டிறைச்சியா மட்டும்தான் இருக்கணும்னு நான் சொல்லியிருக்கேனா இல்லையா?" சோசம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"அதனாலதான் இலையில சுத்தி மீனோட மீனா வச்சேன். குளிர்ந்தா இரும்பு இம்மி சுருங்கும். ஓட்டைக்குள்ள சுலபமா இறங்கும். நீ அதைப் பொரிச்சுட்டே."

"ஒரு பொதியில மட்டும் மசாலா கசியல. அச்சனுக்கு வயித்துப்புண், காரம் ஆகாதேன்னு அதையே அவருக்குன்னு எடுத்து வச்சேன்."

நல்லவேளை, இலைதான் கருகியிருந்தது. ரப்பர் தப்பியிருந்தது. குரியாச்சன் அதை மறுபடி ஃப்ரீசருக்குள் வைத்து, கதவின் மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

நாலு மணிக்குப் பங்குச் சாமியார் பனைக்கல் அச்சன் வந்துவிடுவார். அதற்குள் வண்டி தயாராக வேண்டும். இல்லையென்றால் பெருநாள் போச்சு.

சர்ச்சில் நடக்கும் கீவர்கீஸ் புண்ணியாளனின் பெருநாளை ஊர் ஊராகச் சுற்றி அறிவிப்பது குரியாச்சனின் பழைய வெள்ளை மாருதிதான். கல்யாணமான வருஷத்திலிருந்து அது அவன் பதவி. கூரையில் இரண்டு புனல் ஸ்பீக்கர், பின்சீட்டில் மைக்கோடு அவன் சிநேகிதன் தொம்மிச்சன். அந்தப் பதவிக்காகவே அவன் காரை விற்காமல் வைத்திருந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வருஷம் முதல் சுற்றிலேயே விபரீதம். "அன்பார்ந்த விசுவாசிகளே, டக், நம்ம புண்ணியாளனோட, டக் டக்." குழிக்குக் குழி சத்தம். மேட்டுத்தெருவில் செண்டை மேளத்தோடு பெருநாள் ஊர்வலம் வந்துவிட்டதென்று ஊர்வலக் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அச்சன் கூப்பிட்டு அனுப்பினார்.

"சனிக்கிழமை நானே ஏறி வந்து பாக்குறேன். சத்தம் கேட்டா, அறிவிப்பு ஔதக்குட்டியோட ஜீப்புக்கு."

ஔதக்குட்டி எதிர்வீட்டுக்காரன். தீர்ப்பு வந்த அன்றே ஜீப்பைக் கழுவி, முன்கண்ணாடிக்கு மேலே வண்ணக் காகிதம் ஒட்டிவிட்டான். இப்போது மதில்மேல் உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டபடி இந்தப் பக்கம் நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"குரியாச்சா, புஷ்ஷைப் பொரிச்சு முடிச்சாச்சா? தொட்டுக்க என்ன?"

"உன் கோழியைக் கொடு, வறுத்துடலாம்."

ஔதக்குட்டியின் முகம் சுருங்கியது. கோழி விஷயம் இன்னும் ஆறவில்லை. போன வாரம் குரியாச்சன், "ரப்பர் விளையிற மண்ணுல இருந்துக்கிட்டு ரப்பரைக் கடையில வாங்குறதா" என்று தன் தோட்டத்து ஷீட்டையே வெட்டிச் சுருட்டி, புகைக்கூண்டில் காயவைத்து, வலது பக்க ஆர்முக்குள் திணித்திருந்தான். வேகவைக்காத ரப்பர் வெறும் சூயிங் கம். சர்ச் முக்கு வருவதற்குள் பிதுங்கி வழிந்துவிட்டது. வீடு திரும்பி நிறுத்திய வண்டிக்கு அடியில் ஔதக்குட்டியின் கோழி மேயப் போனது. ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத்தான் பிரிக்க முடிந்தது. அதன் பிறகு அது முட்டையிடவில்லை என்பது ஔதக்குட்டியின் புகார்.

வண்டி ஜாக்கியில் நின்றது. வலது பக்கம் காலையிலேயே முடிந்திருந்தது. இடது பக்கச் சக்கரமும் கழன்று, ஆர்ம் தரையில் கிடந்தது. பழைய புஷ்ஷை அடித்து வெளியே எடுத்தபோது ரப்பர் தனியாக, இரும்பு தனியாக வந்தது. அதைப் பார்த்ததும் குரியாச்சனுக்கு நிம்மதி. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

ஜில்லென்ற புஷ் வந்தது. ஓட்டையில் சோப்புத் தண்ணீர் தடவினான். ஒரு நீள போல்ட், இரண்டு கனத்த வாஷர், ஒரு துண்டு இரும்புக் குழாய். ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நட்டைத் திருகத் திருக, புஷ் முனகிக்கொண்டே உள்ளே இறங்கியது. ஆர்மைத் தூக்கி வண்டிக்கு அடியில் பொருத்தும்போதுதான் மூன்றாவது கை தேவைப்பட்டது. உதவிக்கு வந்திருந்த தொம்மிச்சனைக் கூப்பிட்டான்.

"தொம்மிச்சா, டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஆர்மை ரெண்டு கையாலயும் தாங்கு."

"டார்ச்சை வாயில வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"சுத்தமில்ல."

"கள்ளுக்கடைத் தரையில விழுந்த இறைச்சியை ஊதித் தின்னவன் நீ. உனக்குச் சுத்தமா?"

"அது அப்போ. மனுசன் மாறமாட்டானா?"

குரியாச்சன் டார்ச்சைத் தன் வாயில் கவ்விக்கொண்டு மீதி வசவை மூக்கால் சொன்னான்.

சோசம்மா பால் விடாத கட்டன் சாயாவும் பலாச்சக்கை வறுவலும் கொண்டுவந்து வைத்தாள். தொம்மிச்சன் வறுவலை ஒவ்வொன்றாகச் சாயாவில் ஊறப்போட்டு, அது தொளதொளவென்று ஆனபிறகு விழுங்கினான். மதில்மேல் இருந்த ஔதக்குட்டிக்கே அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மொறுமொறுன்னு இருக்கிறதை இப்படிப் பாழாக்குறியே, பாவி."

"எனக்கு இதுதான் ருசி."

ஆர்ம் ஏறிவிட்டது. குரியாச்சன் ஸ்பேனரை மாட்டி, நட்டை இறுக்க மூச்சை இழுத்தான்.

"டேய், நிறுத்து."

மதிலிலிருந்து ஔதக்குட்டி குதித்தே விட்டான். "சக்கரம் அந்தரத்துல தொங்குது. இப்ப இறுக்கினா, வண்டி கீழ இறங்கினதும் ரப்பர் பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கும். ரெண்டே மாசத்துல கிழிஞ்சுடும். வண்டி தன் கால்ல நிக்கும்போதுதான் கடைசி இறுக்கு. உனக்கு யாருடா ஸ்பேனரைக் கொடுத்தது?"

சொல்லி முடித்த பிறகுதான், யாருக்கு உபதேசம் பண்ணுகிறோம் என்பது அவனுக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டான். குரியாச்சன் உடனே சக்கரங்களை மாட்டி, வெட்டுக்கல் அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கிவிட்டான்.

"சரி, வலது பக்கமும் அப்படியே இறுக்கிட்டேன். அதையும் தளர்த்தி இறுக்குறேன். உள்ள கொஞ்சம் பாரம் வேணும். ஔதக்குட்டி, ஏறி உக்காரு."

"நான் ஏன் உக்காரணும்?"

"இந்த ஊர்ல உன்னைவிட பாரம் யாரு?"

ஔதக்குட்டி யோசித்தான். தப்பாக இறுக்கிய நட்டை வேடிக்கை பார்ப்பது அவனால் ஆகாத காரியம். ஏறி உட்கார்ந்தான். வண்டி பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. குரியாச்சன் அடியில் படுத்து, பற்களைக் கடித்துக்கொண்டு நான்கு நட்டுகளையும் இறுக்கினான்.

நாலு மணிக்கு அச்சன் வந்தார். கரிமீன் சாப்பிட்டார். "இலையில ஒரு மாதிரி வாசனை வருதே சோசம்மா" என்றார். சோசம்மா குழம்பை ஊற்றிப் பேச்சை மாற்றினாள்.

பிறகு அச்சன் முன்சீட்டில் ஏறி, ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டார். பின்சீட்டில் தொம்மிச்சன். பின்னால் சற்றுத் தள்ளி ஔதக்குட்டியின் ஜீப், வண்ணக் காகிதம் படபடக்க.

ரப்பர் தோட்டத்து மண்பாதை. முதல் குழி. குரியாச்சன் கண்ணை மூடினான். சத்தமில்லை. இரண்டாவது குழி, ஓடைக்கல், மரவேர். சத்தமே இல்லை. வண்டி வெண்ணெய்மேல் கத்தி போல நழுவியது.

"பரவாயில்லையே" என்றார் அச்சன். "தொம்மிச்சா, இனி மைக்கை எடு. அறிவிப்போட பாத்துடலாம்."

"தொண்டை கட்டியிருக்கு அச்சோ."

"காலையில சாயாக்கடையில மந்திரிசபையைக் கவுத்துக்கிட்டு இருந்தது யாரு தொண்டை?"

வேறு வழியில்லை. தொம்மிச்சன் மைக்கைத் தட்டினான்.

"அன்பார்ந்த விசுவாசிகளே, டக், நம்ம புண்ணியாளனோட, டக் டக்."

குரியாச்சன் சடாரென்று பிரேக் போட்டான். எஞ்சினை அணைத்தான். வெள்ளை வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். பின்னால் ஔதக்குட்டி நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். கல்யாண ஹாரன்.

இடது புஷ். கையை வைத்து அசைத்துப் பார்த்தான். மலை மாதிரி இருந்தது. வலது புஷ். அதுவும் மலை.

"குரியாச்சா, டக், ஏதாவது தெரியுதா, டக்?" என்று மேலேயிருந்து கூரை ஸ்பீக்கர்கள் விசாரித்தன.

குரியாச்சன் அடியில் படுத்தபடியே அசையாமல் கிடந்தான். எஞ்சின் ஓடவில்லை. சக்கரம் உருளவில்லை. அவன் கை புஷ்மேல்தான் இருந்தது.

அச்சன் மெல்லப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி நிக்குது, தொம்மிச்சா."

தொம்மிச்சன் மைக்கைக் கீழே வைக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அப்ப வண்டிமேல குத்தமில்ல. அறிவிப்பு குரியாச்சனுக்கே. அது முடிஞ்சது. ஆனா அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"வேணாம் அச்சோ. ஊர் சிரிக்கும். உமிக்கரியும் உப்பும் போட்டு விளக்கின வாயின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"பாவமன்னிப்புக் கேக்குற கும்பசாரக் கூண்டுல சொல்றதா நினைச்சுக்கோ. நம்மளை விட்டு வெளிய போகாது."

குரியாச்சன் அடியிலிருந்து தலையை நீட்டி, மைக்கை அணைக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் கூரைமேல் இருந்த இரண்டு புனல்களும் தோட்டத்துக்கும், மேட்டுத்தெருவுக்கும், சர்ச் முக்குக்கும், அக்கரைக்கும் சேர்த்துத் தொம்மிச்சனின் குரலில் பேசின:

"மேல்வரிசை முழுசும் கட்டின பல்லு அச்சோ. கொஞ்சம் லூசு."