உபவாச நாளில் புகை

யாரையும் நான் லேசில் நம்ப மாட்டேன். அதற்காகத்தான் சபையார் என்னை மூப்பராக்கினார்கள். பிரசங்கம் நடக்கும்போது ஆலயத்தை விட்டு வெளியே வந்து, எந்த வீட்டில் ஆள் பதுங்கியிருக்கிறது, எந்தப் புகைபோக்கியில் புகை வருகிறது என்று ஊரைச் சுற்றிப் பார்க்கும் வேலை மூப்பர்களுக்கு முறைவைத்து வரும். மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் சக மூப்பன் கட்பர்ட்டின் முறையையும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

லண்டனில் ராஜாவின் தலையை வெட்டிய வருடம் அது. மீன் எங்கள் கரைப்பக்கம் எட்டியே பார்க்கவில்லை. ஊரில் யாரோ செய்யும் பாவம்தான் காரணம் என்று போதகர் ஒரு ஞாயிறு முழுவதும் உபவாசம் அறிவித்தார். பொழுது சாயும்வரை எந்த அடுப்பும் எரியக்கூடாது. என் மனைவி பெத்தியாவுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். பால் வற்றிப்போய், பிள்ளை வீறிட்டுக்கொண்டே கிடந்தது.

"பிள்ளை பெத்தவளுக்கு விலக்கு உண்டுன்னு போதகரே சொன்னாரேங்க" என்றாள்.

"மூப்பர் வீட்டுக்கே விலக்குன்னா ஊர் சிரிக்காதா? பேசாம ஜெபம் பண்ணு."

அன்று பாதிப் பிரசங்கத்தில் எழுந்து வந்தேன். ஊர் முழுக்க ஒரே ஒரு வீட்டில் புகை. என் வீட்டுக்கு எதிர்வீடு, விதவை கிரிசெலுடையது. அவள்மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். தனக்குத்தானே சிரிப்பாள். ஊர்க் கோழியெல்லாம் குளிரில் முடங்கும்போது இவள் கோழி மட்டும் முட்டையிடும். அது எப்படி?

"என்ன கொதிக்குது, கிரிசெல்?"

"மூக்கு இருக்கில்ல, மூப்பரே? பார்லிக் கஞ்சி."

"யாருக்கு?"

"பசிக்கிறவங்களுக்கு."

"பேரைச் சொல்லுடி!"

என் தோளுக்கு மேலாக ஒரு தடவை என் வீட்டைப் பார்த்தாள். பிறகு வாயே திறக்கவில்லை. அந்தப் பார்வையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளைமேலா கண் வைக்கிறாய்? பானையில் பாதி காலி. அவள் உதடோ காய்ந்து வெடித்திருந்தது. அப்படியானால் குடித்தது யார்?

சூனியக்காரி என்று அவளை ஆலய மணிக்கூண்டில் அடைத்தோம். ஆள் மாற்றி ஆள் காவலிருந்து, கண் சொருகினால் ஊசியால் குத்தினோம். தூங்க விடாவிட்டால் உண்மை தானாக வரும். கேட்டது ஒரே கேள்வி: யார் குடித்தது? அந்தக் கேள்வியை எழுதிக்கொடுத்ததே நான்தான்.

உபவாசத்தன்று மாலையே பெத்தியாவுக்குப் பால் சுரந்துவிட்டது. எனக்குக் கண்ணீரே வந்தது. மறுநாள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். "உபவாசத்தை மீறின வீட்ல பிசாசு. காத்த வீட்ல பால்!" பெண்கள் விம்மினார்கள். போதகர் அதை ஏட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் காவலுக்குக் கிளம்பும்போது பெத்தியா பிள்ளையோடு வந்து வாசலை மறித்தாள்.

"அந்தக் கஞ்சியக் குடிச்சது நான்தாங்க."

"என்ன உளர்ற?"

"பின்வாசல் வழியா போய்க் கேட்டேன். உங்ககிட்ட மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தா. அதான் வாயத் திறக்கல, பாவி மக. நாளைக்கு நகரத்துலேர்ந்து நீதிபதி வந்தா எரிச்சிருவாங்க. எனக்குத்தான் விலக்கு உண்டே, எனக்கு ஒண்ணும் ஆகாது. போய்ச் சொல்லுங்க, அவள விட்ருவாங்க."

ஒரு வார்த்தை சொன்னால் கிரிசெல் பிழைப்பாள். ஆனால் என் சாட்சி? ஜெபத்தால் வந்த பால் இல்லை, எதிர்வீட்டுக் கஞ்சியால் வந்தது என்று ஊர் கைகொட்டிச் சிரிக்கும். கட்பர்ட் முன்வரிசையில் நின்று சிரிப்பான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வற்றிய பால் ஒரே கிண்ணத்தில் எப்படிச் சுரக்கும்? எந்த ஊர்க் கஞ்சி அப்படிச் செய்யும்? மூன்று நாள் என் முகத்தைப் பார்த்து நடித்தவள் இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாள்? பிள்ளையைப் பார்த்தேன். அழவே இல்லை. பன்னிரண்டு நாள் கத்திய பிள்ளைக்கு இந்த அமைதி எங்கிருந்து வந்தது?

"சரி, போய்ச் சொல்றேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "எனக்குத் தெரியுங்க, உங்க மனசு."

போதகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி குடித்தது பெத்தியா என்று சொன்னதும் கையைத் துடைத்துவிட்டு, "அட, இவ்வளவுதானா! பிள்ளை பெத்தவளுக்கு விலக்கு உண்டே, நினியன். கிரிசெலையும் இப்பவே விட்ரலாம்" என்றார்.

"கஞ்சிக்கு விலக்கு உண்டு, ஐயா. அதுல என்ன கலந்திருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். என்னையே பார்த்தார்.

"ஏன் யோசிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். பேனாவை எடுத்து என் மனைவியின் பெயரை எழுதினார். ஒருமுறை தப்பாக எழுதி அடித்ததை நான் கவனிக்காமல் இல்லை.

கட்பர்ட்டையும் இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். என் வீட்டுப் புகைபோக்கியில் புகை. உள்ளே பெத்தியா ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அகப்பையுமாக அடுப்படியில் நின்றாள்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"கிரிசெலுக்குத்தாங்க. வந்ததும் பசிக்கும்ல. எங்க அவ, பின்னாடி வர்றாளா?"

பிள்ளையைக் கட்பர்ட்டிடம் கொடுக்கச் சொன்னேன்.