தூணில் வெட்டிய ஆறெழுத்து

செல்வநாதன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். ராயபுரத்தில் அவனைப் போல நூறு பேர் உண்டு. ஆனால் மாதா சபைக் கூட்டத்தில், கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதா சிமெண்ட் பூசுவதா என்று பேச்சு வந்தால், எல்லாத் தலையும் அவன் பக்கம்தான் திரும்பும். காரணம் அவனுடைய தாத்தா தவசிமுத்து. ஊட்டியில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய மேட்டுக் கோயிலுக்குக் கல் செதுக்கியவர். அங்கே மேற்கு வாசல் தூணின் அடியில் அவர் பேரையே வெட்டி வைத்திருக்கிறார்கள். இதைச் செல்வநாதன் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்குச் சொன்னவர் அவன் அப்பா. கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய ஒரு சாயங்காலம், ஒரே ஒரு தடவை சொன்னார். தாத்தா மலையில் கல் வேலை செய்தார் என்றுதான் சொன்னாரா, தூணும் பேரும் அவர் வாயிலிருந்தே வந்ததா, இல்லை தான் பின்னால் சேர்த்துக்கொண்டதா என்பது செல்வநாதனுக்கே நிச்சயமில்லை. சொல்லிச் சொல்லி அது உண்மையாகிவிட்டிருந்தது.

அறுபத்தெட்டாம் வருடம் மே மாதம், சபைச் செயலாளர் ஸ்டானிஸ்லாஸ் ஒரு சேதி கொண்டுவந்தான். ரயில்வேயில் குமாஸ்தா, செல்வநாதனோடு ஒன்றாகப் படித்தவன்.

“மாமு, சபையிலேர்ந்து நாப்பது பேரு ஊட்டிக்குப் போறோம். நீ சொல்லிகினே இருந்தியே, அந்தக் கோயிலுக்குத்தான். உன் தாத்தா பேரை எல்லாரும் பாக்கணும்னு ஒரே பேஜாரு பண்றாங்கோ.”

செல்வநாதன் சிரித்தான். அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பிலோமி ஒரு வாரமாக அக்கம்பக்கத்து வீடுகளில் இதே பேச்சாக இருந்தாள். அவள் கம்பளிச் சட்டை இரவல் வாங்கி மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது, செல்வநாதன் தன் பையின் அடியில், துணியில் சுற்றி, துறைமுகப் பட்டறையிலிருந்து எடுத்துவந்த ஒரு சின்ன உளியை வைத்தான். எதற்கு என்று தன்னையே அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயில் ஏறி, ஊட்டி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கோயில் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். கோயிலைக் காலையில் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் குளிரில் சுருண்டு தூங்கினார்கள். விடிவதற்கு முன்னாலேயே செல்வநாதன் எழுந்து, பையோடு வெளியே போனான்.

மூடுபனிக்குள் கோயில் நின்றது. மழைத் தண்ணீர் தேங்காமல் வழிந்தோட வேண்டும் என்று செங்குத்தாக இறங்கிய கூரை, கனத்த கல் சுவர், குறுகலான வளைவு ஜன்னல்கள். மேற்கு வாசலில் நான்கு தூண்கள். அவன் மண்டியிட்டு ஒவ்வொரு தூணின் அடியையும் கையால் தடவினான். நான்கையும் சுற்றிச் சுற்றித் தடவினான். பாசியைத் தவிர ஒன்றுமில்லை.

அப்போது முதல் பூசைக்கு மணி அடித்தது. அந்தச் சத்தத்துக்குள் தன் சத்தம் மறைந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. உளியை எடுத்தான். கையில் அகப்பட்ட ஒரு கல்லைத் துணியால் சுற்றிச் சுத்தியலாக்கிக்கொண்டான். மணி அடித்தவரை அடித்தான். மணி நின்றதும் சுரண்டினான். விரல்கள் மரத்துப்போயின. ஆறெழுத்து. ‘சி’யின் மேல்வளைவு கோணிக்கொண்டது. வெட்டிய இடம் வெள்ளை வெளேரென்று தெரிந்ததால், மண்ணையும் பாசியையும் குழைத்து அதன்மேல் அப்பினான். பிறகு கூடத்துக்கு ஓடிவந்து போர்வைக்குள் படுத்துக்கொண்டான்.

பூசை முடிந்ததும் கோயில்பிள்ளை இன்னாசி அவர்களைச் சுற்றிக் காட்டினார். அறுபது வயதிருக்கும், முப்பது வருடமாக அங்கே மணி அடித்துக்கொண்டு, விளக்கேற்றிக்கொண்டு இருந்தவர். பங்குச் சாமியார் பூசை முடித்த கையோடு வெளியூர் போய்விட்டார்.

“அடுத்த வருஷம் இதுக்கு நூறு வயசுங்க,” என்றார் இன்னாசி. “கல்லெல்லாம் கீழ ஓடையில பிளந்து, மாட்டு வண்டியில ஏத்துனது. இந்த உத்தரம் ஒவ்வொண்ணும் ஒரே மரம். சுண்ணாம்பு, கடுக்காத் தண்ணி, முட்டை போட்டு அரைச்ச பூச்சு. சாரம் சரிஞ்சு மூணு பேரு செத்தாங்கன்னு சொல்வாங்க. கட்டுனவங்க பேரு ஒண்ணுகூட எங்கேயும் எழுதி வைக்கல. கல்லறைத் திருநாளுக்கு அவங்க எல்லாருக்குமா சேர்த்து, இந்த வாசல்ல ஒரு மெழுகுவத்தி வைப்பேன்.”

“பேரு இல்லாம இன்னா? இதோ எங்க ஆளு தாத்தா பேரு கீதே!” என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

எல்லாரும் தூண்களைச் சூழ்ந்தார்கள். மூன்றாவது தூணில் பிலோமிதான் முதலில் கண்டுபிடித்தாள். “தவசிமுத்து!” என்று கத்தியவள், ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, எழுத்தின்மேல் உதட்டை வைத்து முத்தமிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. 

இன்னாசி குனிந்து பார்த்தார். விரலால் ஓர் எழுத்தைத் தொட்டார். பாசி நழுவி, அடியில் வெள்ளைக் கல் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்தவர் செல்வநாதனின் சட்டைக் கையைப் பார்த்தார். அதில் கல்தூள். பிறகு மண்ணில் உட்கார்ந்திருந்த பிலோமியைப் பார்த்தார்.

“நான் கவனிச்சதில்லைங்க,” என்றார் மெதுவாக. “நல்லதுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். செல்வநாதனுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஊர் திரும்பியதும் அவன் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. சபைக் கூட்டத்தில் அவனுக்கு முன் வரிசை நாற்காலி போட்டார்கள். அவன் அந்தக் கதையைத் தானாகச் சொல்வதை நிறுத்திவிட்டான். அதைப் பார்த்து, எவ்வளவு அடக்கமான மனுஷன் என்றார்கள்.

அக்டோபரில் ஒரு நாள் ஸ்டானிஸ்லாஸ் கோபமாக வீட்டுக்கு வந்தான். மேட்டுக் கோயில் நூற்றாண்டு மலரில் தவசிமுத்துவின் பேரைப் போட வேண்டும் என்று அவன் எழுதியிருந்தான். பங்குச் சாமியாரிடமிருந்து பதில் வந்திருந்தது. அந்தப் பேர் பழையதல்ல. கட்டடத்தைப் பார்வையிட வந்த இன்ஜினியர் அது புது வெட்டு என்று சொல்லிவிட்டார். கோயில்பிள்ளையைக் கேட்டதற்கு, வெகு காலமாக இருக்கிறது என்று சாதித்தார். பொய் சொன்னதற்காகவும் கோயிலைக் காக்கத் தவறியதற்காகவும் அவரை வேலையிலிருந்து நீக்கியாயிற்று. உங்கள் கூட்டத்தில் யாருக்காவது விஷயம் தெரிந்தால் எழுதவும்.

“பாத்தியா மாமு, நம்ம ஜனத்தோட பேருன்னா இவங்களுக்கு ஆவாது. விடமாட்டேன், பிஷப்புக்கே எழுதுறேன்!”

“எழுதாதே, ஸ்டானி.”

“ஏன்?”

“கொஞ்ச நாளு பொறு,” என்றான் செல்வநாதன்.

ஸ்டானிஸ்லாஸ் போனதும் பிலோமி கேட்டாள். “அந்தப் பெரியவரு எதுக்குப் பொய் சொன்னாரு?”

செல்வநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னான். உளி, மணிச் சத்தம், பாசி. முடித்ததும் பிலோமி எழுந்து கொல்லைக்குப் போய், வெகுநேரம் முகம் கழுவினாள்.

திரும்பி வந்து சொன்னாள்: “நாப்பது பேருக்கு முன்னால மண்ணுல வியுந்து முத்தம் குடுத்தேன். நீ பாத்துகினு நின்னே. போ. போய் அந்தச் சாமியார்கிட்ட சொல்லிட்டு, அந்தப் பெரியவரையும் பாத்துட்டு வா. அப்பால பேசலாம்.”

லீவு போட்டுவிட்டு அவன் தனியாகப் போனான். சாமியார் கேட்டுக்கொண்டார், திட்டவில்லை. இன்னாசி குற்றமற்றவர் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவிப்பதாகச் சொன்னார். ஆனால் வேலையில் வேறு ஆள் வந்தாயிற்று. அவனும் குடும்பஸ்தன், அவனை எடுக்க முடியாது என்றார். பெயரைச் செதுக்கி எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, “எடுத்தால் பள்ளம் இன்னும் பெரிதாகும். இன்ஜினியர் அதைத் தொடக் கூடாது என்கிறார்,” என்றார்.

இன்னாசி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஓடைத் தண்ணீரில் மூட்டை மூட்டையாகக் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். கைகள் சிவந்து வெடித்திருந்தன. செல்வநாதன் அவர் காலைத் தொடப் போனான். அவர் நகர்ந்துகொண்டார்.

“அன்னிக்கே தெரியுங்க எனக்கு,” என்றார். “உங்க வீட்டம்மா அப்படி அழுதாங்க. அத்தனை பேரு முன்னால எப்படிங்க சொல்றது? அப்புறம் சாமியாரு கேட்டப்பவும், ஒரு தடவை மறைச்சதை மாத்திச் சொல்ல முடியல.”

“என்னாலதான் உங்களுக்கு…”

“ஒண்ணு கேக்குறேன். உங்க தாத்தா இங்க நெசமாலுமே வேலை செஞ்சாருங்களா?”

“தெரியாது. நைனா சொன்னாரு. அவ்ளோதான்.”

இன்னாசி ஒரு கேரட்டைத் தண்ணீரில் முக்கித் தேய்த்தார். “செத்துப்போன மூணு பேருக்குக்கூடப் பேரு இல்லைங்க. இனி நூறு வருஷம் கழிச்சு வர்றவன் அந்த ஒரு பேரைப் படிச்சு நம்புவான். அதுதாங்க எனக்கு மனசு ஆறல. வேலை போனதுகூட இல்ல.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. செல்வநாதனும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்து கேரட் கழுவிக் கொடுத்தான். ரயிலுக்கு நேரமானதும், “வர்றேங்க,” என்றான். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்த சபைக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். பிலோமி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் முகம் சிவந்து, தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு பல மாதம் அவன் செல்வநாதனோடு பேசவில்லை. அன்றைக்குக் கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வாரத்தில் துறைமுகம் வரை போய், அவனுக்குப் பட்டப்பேராகிவிட்டது.

“இன்னா கல்வெட்டு, இன்னிக்கு எந்தக் கப்பல்?”

முதல் தடவை கேட்டபோது அவன் காது கொதித்தது. கூப்பிட்டவன் பத்தொன்பது வயசு லாரி கிளீனர். செல்வநாதன் வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்தபடியே திரும்பினான்.

“மூணாவது,” என்றான்.