செனட்டர் ஹாக்ஸின் வீட்டில் நிறைவேறிய சட்டங்கள்

செனட்டர் எல்பிரிட்ஜ் ஹாக்ஸ் வாஷிங்டனில் ஒரு மசோதாவுக்கு 'ஆம்' என்று சொன்னால், அது முதலில் வெர்மான்டில், எங்கள் பெல்டன் ஊரில் இருந்த அவருடைய வீட்டுக்குள் நடந்துவிடும். மசோதா நிறைவேறியதா, அதிபர் கையெழுத்துப் போட்டாரா என்பதெல்லாம் அந்த வீட்டுக்குப் பொருட்டில்லை. அவர் வாயைத் திறந்து ஆம் என்றால் போதும். 'இல்லை' என்றால் வீடு இருந்தபடியே இருக்கும். இதில் வியக்க ஒன்றுமில்லை என்று முதல் இரண்டு வருடங்களிலேயே நாங்கள் முடிவுசெய்துவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

1934-இல் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது மனைவி ஹுல்டா கூடப் போகவில்லை. பதினாறு மாடுகளை யார் கறப்பது என்று கேட்டாள். வீடும் அவளுடைய அப்பா கட்டியது. இரண்டு வருடம் கழித்து, கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் மசோதாவுக்கு எல்பிரிட்ஜ் ஆம் என்றார். அதே பிற்பகல் அந்த வீட்டில் அறைக்கு அறை விளக்கு எரிந்தது. கம்பமும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஊருக்குக் கம்பி வர இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. அதுவரை சட்டை தேய்க்கவும் வானொலி கேட்கவும் எல்லோரும் ஹுல்டாவின் வீட்டுக்குத்தான் போனோம். தபால் அலுவலகம் நடத்திய ஆர்லோ பின்னி, தன் கோழிமுட்டைகளை அங்கே கொண்டுபோய் விளக்கடியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தான். அடுத்த தேர்தலில் பெல்டன் மொத்தமும் எல்பிரிட்ஜுக்கு வாக்களித்ததற்கு அந்தக் குஞ்சுகள்தான் காரணம். அவருடைய பேச்சுத்திறமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1943-இல் யாரோ ஒரு கணக்கு வாத்தியார் கொடுத்த யோசனையின் பேரில், வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் வைக்கலாம் என்று ஒரு மசோதா வந்தது. ஆம் என்றவர்கள் மொத்தம் நான்கு பேர். அவர்களில் எல்பிரிட்ஜும் ஒருவர். மசோதா குப்பைக்குப் போயிற்று. வீடு அதைக் குப்பையில் போடவில்லை. ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவில் அந்த வீட்டில் மட்டும் இருபத்தெட்டு நாட்கள் கூடுதலாக வந்தன. நாங்கள் ஜூன் முப்பதாம் தேதி படுத்து ஜூலை ஒன்றாம் தேதி எழுந்தோம். ஹுல்டா நடுவில் ஒரு மாதம் தனியாக இருந்துவிட்டு, நான்கு ஸ்வெட்டரும் அறுபது பாட்டில் ஜாமும் முடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மாதத்தில் அவள் எழுதிய கடிதங்களைப் பின்னி வாங்க மறுத்துவிட்டான். அப்படியொரு தேதிக்கு அவனிடம் முத்திரை இல்லை. இது வருடா வருடம் நடந்தது.

1950-இல் நடந்ததை எங்கள் ஊரில் இன்னும் சிலர் மன்னிக்கவில்லை. எங்களுடையது பால்காரர்கள் ஊர். நகரத்து ஏழைகள் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயில் செய்த மார்கரினைத் தடையில்லாமல் வாங்கட்டும் என்றொரு மசோதா வந்தது. எல்பிரிட்ஜ் ஏழைகளை நினைத்து ஆம் என்றார். அன்று ஹுல்டா இரண்டு மணிநேரம் கடைந்த பாலேட்டில் மார்கரின் திரண்டது. மறுநாளும் அதேதான். சந்தையில் அவளுடைய வெண்ணெய்க்கு மூன்று வருடம் தங்கப் பதக்கம் கொடுத்திருந்தார்கள். மூன்று பதக்கத்தையும் அவள் கழற்றி அவருக்குப் பார்சலில் அனுப்பிவைத்தாள். உள்ளே கடிதம் எதுவும் இல்லை.

பிறகு 1956. நாடு முழுக்க நெடுஞ்சாலை போடும் மசோதா. ஆம் என்ற நிமிடத்தில் சரக்கு அறைச் சுவரிலிருந்து சாப்பாட்டு அறை வழியாக முன்னறை ஜன்னல்வரை இரண்டு தடச் சாலை ஒன்று நடுவில் வெள்ளைக்கோட்டோடு போடப்பட்டிருந்தது. லாரிகள் சுவரிலிருந்து வந்தன, ஜன்னலுக்குள் மறைந்தன. எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. ஹுல்டா உப்பு எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். அதே கோடையில்தான் அவள் வயதில் கணவரை முந்தினாள். அவர் அவளைவிட ஒரு வயது மூத்தவராக இருந்தவர். பதினான்கு தடவை இருபத்தெட்டு நாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் எல்பிரிட்ஜ் ஊருக்கு வந்தபோது அவளுடைய தலைமுடி தன்னுடையதைவிட அதிகமாக நரைத்திருப்பதைப் பார்த்தார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு அவரால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. நல்ல மசோதாக்களுக்கு இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. எனவே வாக்கெடுப்பு மணி அடித்தவுடன் செனட்டின் அடித்தளத்தில் இருந்த முடிதிருத்தும் அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். ஏழு வருடம் அப்படிப் போனது. வெட்டுவதற்குத் தலையில் ஒன்றும் மிஞ்சாதபோது, நாவிதர் வெறும் மண்டைக்குச் சோப்பு நுரை போட்டு வழித்துவிட்டார். கல்வி மசோதா, மருத்துவ மசோதா, கூலி மசோதா என்று எல்லாவற்றுக்கும் செய்தித்தாளில் அவர் பெயருக்கு எதிரே 'வாக்களிக்கவில்லை' என்றே அச்சாகியிருந்தது.

பின்னி அந்தச் செய்தித்தாளைத் தபால் அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பான். "ஹுல்டா, உன் வீட்டுக்காரருக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா? டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?" என்று கேட்பான். முன்பெல்லாம் ஹுல்டா பட்டென்று ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். அந்த ஏழு வருடமும் அவள் தபாலை வாங்கிக்கொண்டு பேசாமல் போனாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. மார்கரினுக்குக்கூட அவள் இப்படித் தலைகுனிந்ததில்லை.

எங்கள் ஊரைத் தாண்டி ஒன்பது மைல் கீழே, டாகெட் ஆற்றங்கரையில் கிங்ஸ்ஃபீல்ட் இருக்கிறது. ஆலைகள் உள்ள ஊர். பனி உருகும்போது டாகெட் வந்து அந்த ஊரைத்தான் அடிக்கும். 1963 ஏப்ரலில் இரண்டு தெருக்களை அப்படியே கொண்டுபோய்விட்டது. நாற்பத்தொரு பேர் செத்தார்கள். ஹுல்டா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனவள் ஆறு நாள் அங்கேயே தங்கிவிட்டாள். அடுத்த வருடம் அணை கட்ட மசோதா வந்தது. அணை கட்டினால் கிங்ஸ்ஃபீல்ட் பிழைக்கும். பெல்டன் ஏரிக்கடியில் போகும். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார்கள். அணை வேண்டாம் என்று இருநூற்று ஏழு பேர் எழுந்து சொன்னோம். ஹுல்டா எழுந்து வேண்டும் என்றாள். அதன்பிறகு ஒரு மாதம் அவளிடம் யாரும் சரியாக முகம்கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மே மாதம் வாக்கெடுப்புக்கு முந்தின நாள் எல்பிரிட்ஜ் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கெல்லாம் ஒரே பொதுத் தொடர்பு என்பதால் எல்லோரும் எடுத்துக் கேட்டோம்.

"ஹுல்டா, நான் ஆமான்னு சொன்னா அந்த நிமிஷமே வீடு முழுகிடும்."

"தெரியும். பியானோவை மாடிக்கு ஏத்தியாச்சு. மாடுங்களைப் பின்னியோட கொட்டகையில கட்டியிருக்கேன்."

"உங்க அப்பா கட்டின வீடும்மா அது."

"அவர் கட்டினாரு, நான் பெருக்கினேன். நீ எப்பவாவது வந்து தூங்கிட்டுப் போன. அது யார் வீடுன்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

"இத்தனை வருஷம் உன்னை நான் படுத்தினது போதும். நாளைக்கு நான் கீழ முடிவெட்டப் போயிடறேன். யாருக்கும் கஷ்டம் இல்ல."

"உன் தலையில வெட்ட என்ன இருக்கு?" என்றாள் ஹுல்டா. பிறகு அவள் குரல் மாறியது. "கிங்ஸ்ஃபீல்டுல பள்ளிக்கூடத் தரையில எல்லாரையும் வரிசையாக் கிடத்தியிருந்தாங்க, எல்பிரிட்ஜ். ஒருத்தர் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு பேராக் கூப்பிட்டாரு. ஒரு பேருக்கும் பதில் வரல. அவங்களால முடியாது. உன்னால முடியுமில்ல? நாளைக்கு உன் பேரைக் கூப்பிட்டா வாயைத் திற. ஆமாவோ இல்லையோ, ஏதாவது சொல்லு. ஊமையா உட்கார்ந்துட்டு இந்த வீட்டுப் படி ஏறாத."

அவள் வைத்துவிட்டாள். நாங்களும் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் வைத்தோம்.

மறுநாள் மணி அடித்ததும் எல்பிரிட்ஜ் பழக்கதோஷத்தில் முடிதிருத்தும் அறைக்குத்தான் போனார். நுரையும் போட்டாயிற்று. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து, கழுத்தில் துண்டோடு மாடி ஏறி ஓடினார். எழுத்தர் ஹாக்ஸ் என்று இரண்டு தடவை கூப்பிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டிருந்தார். எல்பிரிட்ஜ் காத்திருந்து, கடைசியில் தன்னை மறுபடி கூப்பிடச் சொல்லி, பாதித் தலை நுரையோடு, "ஆம்" என்றார். ஏழு வருடம் பயன்படாத குரல் என்பதால் அது கொஞ்சம் கீச்சென்று வந்தது. சிலர் சிரித்தார்கள்.

மசோதா ஒரே ஒரு வாக்கில் தோற்றது. பெல்டன் தப்பியது. ஹாக்ஸ் வீட்டில் மட்டும் கீழ்த்தளம் முழுக்க ஏரி நிறைந்தது. வாசற்கதவு திறந்துதான் கிடந்தது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தண்ணீர் நிலைப்படியிலேயே நேராக நின்றது. உள்ளே விளக்குகள் எரிந்தன. லாரிகள் தண்ணீருக்கடியில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் போய்வந்தன. ஒரு வாரத்தில் நல்ல மீன் விழுந்தது. ஹுல்டா மாடி ஜன்னலுக்கு ஏணி வைத்துக்கொண்டு குடித்தனத்தைத் தொடர்ந்தாள்.

நவம்பர் தேர்தலில் எல்பிரிட்ஜ் தோற்றார். ஆம் என்றதற்காக பெல்டன் அவருக்கு எதிராக வாக்களித்தது. இத்தனை நாள் அதைச் சொல்லாமல் இருந்ததற்காக கிங்ஸ்ஃபீல்ட் எதிராக வாக்களித்தது. ஜனவரியில் இரண்டு பெட்டிகளோடு, மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பியோடு வந்து வீட்டுக்கு முன்னால் பனியில் நின்றார். ஏரி அதற்குள் ஜன்னல் விளிம்புவரை இறங்கி உறைந்திருந்தது. முன்னறையில் பின்னி பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தான். லாரி வெளிச்சத்துக்கு மீன் நன்றாக வருகிறது என்றான். எல்பிரிட்ஜ் அவனைப் பார்க்கவில்லை, மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஹுல்டா மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "கீச்சுன்னு வந்துச்சாமே உன் குரல், பேப்பர்ல போட்டிருந்தான்" என்றாள். "முன்னறை ஜன்னல் வழியா வா. ஐஸ் தாங்கும். பின்னி போட்ட ஓட்டையைப் பார்த்து நட, கிழவா. பூட்ஸைக் கழட்டிடு."

அவர் வெறும் காலுறையோடு தன் முன்னறையைக் கடந்து மாடி ஏறினார். அன்று ராத்திரிச் சாப்பாடு பின்னி பிடித்த மீன்தான், தொட்டுக்கொள்ள மார்கரின்.

ஏப்ரலில் பனி உருகியது. மேலே மூன்று நாள் மழையும் பிடித்துக்கொண்டது. டாகெட் கரைமீறி எழுந்தது. கிங்ஸ்ஃபீல்டில் எல்லோரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு குன்றின்மேல் ஏறிவிட்டார்கள். ஆனால் ஆறு பெல்டன் வளைவில் திரும்பவில்லை. தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு சாலையேறி வந்து, பின்னியின் வேலியைத் தொடாமல் ஒதுங்கி, ஹாக்ஸ் வீட்டு வாசலுக்குள் நுழைந்தது. இரண்டு பகல் இரண்டு இரவு நுழைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் மாடியையும் பிடித்தது. முப்பது வருடமாகப் பேனாவைவிட கனமான எதையும் தூக்காத எல்பிரிட்ஜ், "தள்ளு மனுஷா, தள்ளு" என்று ஹுல்டா மேலிருந்து அதட்ட, பியானோவைப் பரணுக்குத் தள்ளினார். கிங்ஸ்ஃபீல்டில் தெருக்கள் நனையவில்லை. யாரும் சாகவில்லை.

மூன்றாம் நாள் கிங்ஸ்ஃபீல்டிலிருந்து தபால் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பின்னி சாலையில் ஓடிப்போய், பரண் ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். "கிங்ஸ்ஃபீல்டுக்காரங்க கேக்கறாங்க, ஆறு எங்கன்னு!"

"இங்கதான் இருக்கு," என்றாள் ஹுல்டா. "ஆகஸ்ட்டுல கொஞ்சங் கொஞ்சமா அனுப்பி வைக்கிறோம்னு சொல்லு."

பின்னி போய் அப்படியே சொன்னான். ஆகஸ்டில் சமையலறைத் தொட்டி வழியாக அளவாகத் திறந்து அனுப்பினார்கள். வருடா வருடம் அனுப்புகிறார்கள்.