பத்து ஐம்பத்தைந்து

ஃபீபிக்குப் புதிதாக ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. கப்பலைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழ மாட்டாள்.

கப்பல் என்றால் 'பில்கிரிம்'. 1929இல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல். அதன் பணி வரலாற்றை இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொகுக்கிறது. பழைய பதிவேட்டுப் பக்கங்களின் படத்தைப் பார்த்து அப்படியே டைப் அடிக்கும் வேலை ராணிப்பேட்டை ஆபீஸ் ஒன்றுக்கு வந்து, அங்கிருந்து ஆம்பூரில் ஃபீபியின் லேப்டாப்புக்கு வந்திருந்தது. 1931, ஹாங்காங். மூழ்கியது 10.15, மேலே வந்தது 10.55. தினம் இதே கூத்துதான். குக்கர் விசில் அடிக்கட்டும், பால்காரர் கத்தட்டும், 'மேலே வந்தது' என்ற வரியை அடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

எல்லாம் ஜெஸ்டனின் போன் நின்றதால் வந்த வினை. அவள் கணவன், சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். "செங்கடல் பக்கம் போறோம், நாலு நாள் போன் வராது, பேஜார் ஆகாத" என்று சொல்லியிருந்தான். இன்று ஒன்பதாவது நாள். மும்பை ஆபீஸைக் கேட்டால், தகவல் வந்ததும் சொல்கிறோம் என்று ஒரு பெண் தேன் தடவிப் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டாலே ஃபீபிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமனார் சுந்தர்ராஜ், ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. காலையில் டீ டம்ளரோடு அவள் பக்கத்தில் வந்து நிற்பார்.

"இன்னாம்மா, உன் கப்பலு மேல வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

அதோடு சரி. பேப்பரை எடுப்பார், ஒரு பக்கம் புரட்டுவதற்குள் மடித்து வைப்பார், வாசல் வரைக்கும் போவார், திரும்புவார்.

அன்றைய பக்கத்தில் மூழ்கியது 10.15 என்று இருந்தது. அதற்குக் கீழே எழுத்தெல்லாம் தண்ணீர் பட்டுக் கரைந்துபோயிருந்தது. படிக்க முடியாத இடத்தில் 'தெரியவில்லை' என்று போட வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். ஃபீபி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எழுந்து போய் அரிசி களைந்தாள், பாதியில் விட்டுத் திரும்பி வந்தாள். அப்புறம் 10.55 என்று அடித்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை, சரிபார்க்கிற நிசார் அஹமது ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்.

"ஃபீபிம்மா, இந்தப் பத்து அம்பத்தஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?"

"தினம் அந்த நேரத்துக்குத்தான் சார் வரும். அந்தக் கப்பல 1946ல பழைய இரும்புக்கு வித்துட்டாங்க. அப்போ மேல வந்துதான இருக்கணும்?"

"வந்துச்சு, நான் இல்லேங்கல. எத்தினி மணிக்குன்னு நம்ம பார்த்தமா? பார்க்காதத எழுதக் கூடாதும்மா."

நியாயம்தான். ஃபீபி அந்த நான்கு எண்களையும் அழித்தாள். கப்பலைத் தன் கையாலேயே திரும்ப உள்ளே அமுக்குவது போலிருந்தது. முடிவு தெரிந்த கப்பலுக்கே இந்தப் பாடு என்றால், முடிவு தெரியாத கப்பலுக்கு என்ன செய்வது? 'தெரியவில்லை' என்று அடித்தாள். டீ டம்ளர் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னாம்மா, மேல வந்துச்சா?"

"தெரியல மாமா."

சுந்தர்ராஜ் டம்ளரை மேஜையில் வைத்தார்.

"பத்து நாளாச்சும்மா" என்றார்.

அவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உன்கிட்ட கேட்டா நீ அழுவியோன்னுதான் கேக்கல."

"நானும் உங்களுக்காகத்தான் மாமா வாயத் தொறக்கல."

இருவரும் அங்கேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுது தீர்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஃபீபி துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புது நம்பர்.

"ஃபீபி, நான்தான். ரூட்ட மாத்திட்டாங்க, நெட்டும் போய்ட்டு..."

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். உள்ளே ஓடினாள். "மாமா, உங்க புள்ள. மணி இன்னா?"

சுந்தர்ராஜ் போனுக்குக் கை நீட்டவில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சர்ச் காலண்டரில் அன்றைய கட்டத்தில் பென்சிலை அழுத்தி எழுதினார்.

'மேலே வந்தது, 11.20.'